கேரி பேக் தடையால் சுற்றுச்சூழலுக்கு என்ன நேர்ந்தது?

ஒரு துணிப்பையை 7,100 முறை பயன்படுத்தினால்தான் அது ஒரு பாலித்தீன் பைக்கு ஈடாகும் என்று டென்மார்க்கில் செய்த ஆய்வு ஒன்று சொல்வதாகவும், கலிபோர்னியாவில் பைகளைத் தடை செய்த பிறகு பிளாஸ்டிக் பைக் குப்பையின் எடை கூடிவிட்டதாகவும் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் தமிழ்நாட்டில் 2019 முதல் நடப்பிலுள்ள தடை சுற்றுச்சூழலுக்கு நன்மை செய்கிறதா, கேடு செய்கிறதா என்பது உங்கள் கேள்வி. இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஒரு பையைச் செய்வதற்கு எவ்வளவு எண்ணெயும் நீரும் மின்சாரமும் செலவாகின்றன, எவ்வளவு கரியமில வாயு வெளியேறுகிறது என்பது ஒன்று. வேலை முடிந்த பை எங்கே போய்ச் சேருகிறது, அங்கே என்ன செய்கிறது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குரிய எண்களை எடுத்து இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல முயல்வதால்தான் இந்த விவாதம் எப்போதும் குழம்பிப்போகிறது. நான் திடக்கழிவு மேலாண்மையில் பயிற்சி பெற்ற பொறியாளன். குப்பைக் கிடங்குகளிலும் மழைநீர் வடிகால்களிலும் கழிவை வகை பிரித்து எடைபோடும் வேலையில் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். கடல் உயிரியல் என் துறை அன்று; அதைப் பற்றிச் சொல்லும் இடங்களில் பிறருடைய ஆய்வுகளையே சார்ந்திருக்கிறேன்.

முதலில் அந்த 7,100. டென்மார்க் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018ஆம் ஆண்டு வெளியிட்ட வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீட்டில், அதாவது ஒரு பொருளைச் செய்வதிலிருந்து கழிப்பது வரை நேரும் பாதிப்புகளை அளக்கும் கணக்கில், இந்த எண் இருப்பது உண்மைதான். ஆனால் அது எப்படி வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். அந்த ஆய்வு பருவநிலை மாற்றம், நீர்ப் பயன்பாடு, அமிலமாதல், ஓசோன் படலச் சிதைவு எனப் பல அளவுகோல்களில் ஒவ்வொரு பையையும் தனித்தனியாக மதிப்பிட்டது. அவற்றுள் எந்த அளவுகோலில் துணிப்பை மிக மோசமாக நிற்கிறதோ, அதிலும்கூட பாலித்தீன் பைக்கு ஈடாக வேண்டுமானால் எத்தனை முறை பயன்படுத்த வேண்டும் என்ற கேள்விக்குக் கிடைத்த விடைதான் 7,100. அந்த ஒற்றை அளவுகோல் ஓசோன் படலச் சிதைவு. பருவநிலை மாற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், அதே அறிக்கையில் அதே பருத்திப் பைக்குத் தேவைப்படுவது 52 முறை. இயற்கை வேளாண் பருத்தியில் நெய்த பைக்கு 149 முறை. வாரம் ஒருமுறை சந்தைக்குக் கொண்டுபோகிறவருக்கு 52 என்பது ஓராண்டுப் பயன்பாடு. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வு, பருவநிலை மாற்றத்துக்கு மட்டும் 131 முறை என்று கணக்கிட்டது. இரண்டு எண்களும் வேறுபடுவதற்கு முக்கியக் காரணம், அவை வெவ்வேறு பைகளை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டதே. டென்மார்க்கில் ஒப்பிட்டது கடையில் காசு கொடுத்து வாங்கும் சற்றுத் தடித்த பை. இங்கிலாந்தில் ஒப்பிட்டது நம் ஊர்க் கேரி பேக்கைப் போல் இலவசமாகக் கிடைத்த மெல்லிய பை.

டென்மார்க் அறிக்கையில் இதைவிட முக்கியமான ஒரு செய்தி உண்டு. அதை மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் சொல்வதில்லை. அந்த நாட்டில் பைகள் தெருவில் வீசப்படுவது புறக்கணிக்கத்தக்க அளவே என்று வைத்துக்கொண்டு, அப்படி வீசப்படும் பையால் நேரும் பாதிப்பை அந்த ஆய்வு கணக்கிலேயே சேர்க்கவில்லை. அங்கே வீட்டுக் குப்பை எரியுலைக்குச் சென்று மின்சாரமாகவும் வெப்பமாகவும் மாறுகிறது. கடையில் வாங்கிய பை குப்பைத் தொட்டிக்கு உறையாகி, குப்பையோடு சேர்ந்தே உலைக்குள் போய்விடுகிறது. அவர்கள் நாட்டுக்கு அது நியாயமான அனுமானம். வாய்க்காலிலும் காலி மனையிலும் மாட்டின் வயிற்றிலும் பை போய்ச் சேரும் நம் ஊருக்கு அந்த எண்ணைக் கொண்டுவருவது, நம்மிடம் உள்ள பிரச்சினையையே கணக்கிலிருந்து கழித்துவிட்டு விடை சொல்வதாகும்.

கரியமில வாயுக் கணக்கையும் அதன் உண்மையான அளவில் பார்ப்பது நல்லது. இங்கிலாந்து ஆய்வின் எண்களை வகுத்துப் பார்த்தால், ஒரு மெல்லிய பைக்கு அதன் முழு வாழ்விலும் சுமார் 20 கிராம் கரியமில வாயுவுக்கு இணையான வெளியேற்றம் வருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ வெளியேறும். அதாவது நூற்றுக்கும் சற்று மேற்பட்ட பைகள் ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். வாரத்துக்குப் பத்துப் பைகள் வாங்கும் குடும்பம் ஆண்டு முழுவதும் பை வழியாக வெளியேற்றுவது நான்கைந்து லிட்டர் பெட்ரோல் எரிப்பதற்கு ஒப்பானது. ஆகவே தடை செய்வதால் பருவநிலைக்குக் கிடைக்கும் லாபமும் சிறியது. துணிப்பைக்கு மாறுவதால் ஏற்படக்கூடிய நட்டமும் சிறியது. பைத் தடையைப் பருவநிலை நடவடிக்கை என்று யாராவது முன்வைத்தால் அதை நான் ஏற்க மாட்டேன். அதே காரணத்தால், பருவநிலைக் கணக்கைக் காட்டித் தடையை எதிர்ப்பதையும் ஏற்க மாட்டேன்.

அதற்காகத் துணிப்பைக்குச் சுற்றுச்சூழல் செலவே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. பருத்தி விளைவதிலிருந்து துணியாவது வரை ஒரு கிலோவுக்கு உலகச் சராசரியாகச் சுமார் 10,000 லிட்டர் நீர் தேவைப்படுகிறது; இந்தியாவில் அது இன்னும் அதிகம். நூறு கிராம் எடையுள்ள பை ஒன்றுக்குள் ஆயிரம் லிட்டருக்குக் குறையாத நீர் இருக்கிறது என்று கொள்ளலாம். சாயத்தின் விலை என்ன என்பதைத் திருப்பூரையும் நொய்யல் ஆற்றையும் அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாயக்கழிவு ஆற்றில் கலந்ததால் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட நேர்ந்தது. ஆகவே துணிப்பையின் நன்மை முழுவதும் அது எத்தனை முறை கடைக்குப் போய் வருகிறது என்பதில்தான் இருக்கிறது. பழைய வேட்டியிலோ, தையற்கடையில் மிஞ்சிய வெட்டுத் துணியிலோ தைத்த பைக்கு மேற்சொன்ன கணக்குகள் பொருந்தா. அந்தத் துணிக்கான நீரும் சாயமும் ஏற்கெனவே வேறொரு தேவைக்காகச் செலவானவை. இந்த ஐரோப்பிய ஆய்வுகள் கணக்கிட்டது புதுத் துணியில் தைத்த பையை.

இங்கே நம் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திருமண வீடுகளில் தாம்பூலத்தோடு மஞ்சப்பை கொடுக்கும் முறை பழையது. அந்தப் பை பல ஆண்டுகள் அரிசிக்கும் காய்கறிக்கும் போய் வந்தது. இன்று ஒரே முகூர்த்த நாளில் நான்கு திருமணங்களுக்குப் போகும் குடும்பம் நான்கு புதுப் பைகளோடு திரும்புகிறது. துணிக்கடை ஒன்று கொடுக்கிறது, நகைக்கடை ஒன்று கொடுக்கிறது. அலமாரிக்குள் முப்பது பை இருந்தால் ஒன்றுகூட 52 முறை வெளியே போகாது. இதைத் துணிப்பையின் குற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால் தடையின் பெயரால் புதுப் பைகளை வாரி வழங்குவது சுற்றுச்சூழலுக்கு நல்லது என்ற எண்ணம் எனக்கு இல்லை. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மீண்டும் மஞ்சப்பை இயக்கத்தில் எனக்குப் பிடித்த பகுதி, வீட்டிலிருந்து பை எடுத்து வரும் பழக்கத்தை அது நினைவூட்டுவதே தவிர, பை விநியோகம் அன்று.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். என் பார்வையில் தடையின் நியாயம் இங்கேதான் இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 60 நகரங்களில் நடத்திய ஆய்வில் நகரக் குப்பையின் எடையில் பிளாஸ்டிக்கின் பங்கு சராசரியாக ஏறத்தாழ 7 விழுக்காடு என்று தெரியவந்தது. அதற்குள் கேரி பேக் ஒரு பகுதி மட்டுமே. இவ்வளவு குறைந்த எடைக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் எடையை வைத்து இதை அளக்கவே கூடாது. மெல்லிய பை ஒன்றின் எடை சுமார் ஐந்து கிராம். ஒரு கிலோவுக்கு இருநூறு பைகள். மீன் கழுவிய நீரோ சாம்பாரோ ஒட்டிய இருநூறு பைகளைக் குனிந்து குனிந்து பொறுக்கினால்தான் காயலான் கடையில் ஒரு கிலோவுக்கான விலை கிடைக்கும் என்றால், எந்தச் சேகரிப்பாளரும் அதைத் தொட மாட்டார். பால் உறையும் தண்ணீர்ப் புட்டியும் தெருவில் நெடுநேரம் கிடப்பதில்லை; அவற்றுக்கு விலை உண்டு. விலையில்லாத பொருள் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது, அல்லது காற்று கொண்டுபோகும் இடத்துக்குப் போகிறது.

அது போகும் இடங்களில் மழைநீர் வடிகாலைப் பற்றி என்னால் உறுதியாகப் பேச முடியும். வடிகால் வாயில் உள்ள கம்பிச் சட்டத்திலும் சிறுபாலத்தின் கழுத்திலும் ஒரு பை விரிந்து ஒட்டிக்கொண்டால், அதன்மேல் இலையும் மணலும் படிகின்றன. பை இல்லாவிட்டால் நீரோடு போயிருக்கக்கூடிய கசடு அங்கேயே தங்கிக் கெட்டிப்படுகிறது. தூர்வாரும்போது எடுத்த கசட்டை எடைபோட்டால் பெரும்பங்கு மண்ணும் கட்டட இடிபாடும்தான். ஆனால் அந்த மண்ணைப் பிடித்து நிறுத்தியது எது என்று பார்த்தால் பையும் நெகிழித் தாளும் கந்தலும் சேர்ந்த ஒரு பின்னலைத்தான் காண்போம். வங்கதேசம் 2002இல் மெல்லிய பாலித்தீன் பைகளை உலகிலேயே முதலாவதாக நாடு முழுவதும் தடை செய்ததற்குக் காரணம், 1988, 1998 ஆண்டுகளின் பெருவெள்ளங்களில் டாக்காவின் வடிகால்களை அவை அடைத்திருந்ததுதான். 2005 ஜூலை 26 அன்று மும்பையில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோதும் பைகள்மீது குற்றம் சாட்டப்பட்டது. இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. அவ்வளவு மழைக்கு எந்த வடிகாலும் தாங்காது. 2015இல் சென்னை மூழ்கியதற்கு மழையின் அளவும் ஏரி நீர் திறப்பும் சதுப்பு நிலமும் நீர்வழிகளும் கட்டடங்களாக மாறியதும்தான் பெருங்காரணங்கள்; பையைத் தடை செய்தால் அத்தகைய வெள்ளம் வராது என்று சொல்பவர் பொய் நம்பிக்கை தருகிறார். ஒரு மணி நேர மழைக்கே தெருவில் முழங்கால் அளவு நீர் நிற்பதும், அதில் கொசு பெருகுவதும்தான் பை கூடுவதாலும் குறைவதாலும் மாறக்கூடிய தொல்லைகள்.

கால்நடைகளின் நிலை இன்னும் தெளிவானது. உணவு மிச்சத்தைப் பையில் முடிந்து வீசுவது நம் பழக்கம். முடிச்சை அவிழ்க்கத் தெரியாத மாடு பையோடு விழுங்குகிறது. பாலித்தீன் அசைபோட்டும் கரையாது, முதல் இரைப்பையை விட்டு நகராது. ஆண்டுக்கணக்கில் சேர்ந்து உருண்டையாகி, உண்ட தீவனத்துக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது. கால்நடை மருத்துவர்கள் அறுவை செய்து ஒரே மாட்டின் வயிற்றிலிருந்து பல பத்துக் கிலோ நெகிழி எடுப்பது இந்தியாவில் அரிய நிகழ்ச்சி அன்று. இலங்கையின் கிழக்கே அம்பாறை மாவட்டத்தில் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் மேயும் காட்டு யானைகள் இப்படியே மாண்டன. எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ இருபது யானைகள் அவ்வாறு இறந்ததாக 2022இல் செய்தி வந்தது. அங்கே 20 மைக்ரானுக்குக் குறைந்த தடிமனுள்ள பாலித்தீனையும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சோறு கட்டும் தாளையும் 2017 செப்டம்பரிலிருந்து அரசு தடை செய்திருந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லைக் குப்பை மலை சரிந்து மக்கள் புதையுண்டதற்குப் பிறகு வந்த தடை அது. தடை ஏட்டில் இருந்தும் யானைகள் செத்துக்கொண்டிருந்தன என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

எரிப்பதைப் பற்றி ஒரு திருத்தம் சொல்ல விரும்புகிறேன். கேரி பேக்கை எரித்தால் டையாக்சின் என்ற கொடிய நச்சு வரும் என்று பலர் எழுதுகிறார்கள். டையாக்சின் உண்டாகக் குளோரின் வேண்டும்; தூய பாலித்தீனில் குளோரின் இல்லை. அது தனியாக எரிந்தால் புகைக்கரியும் கார்பன் மோனாக்சைடும் சில நச்சு ஹைட்ரோகார்பன்களும் வரும், டையாக்சினுக்கு வாய்ப்புக் குறைவு. ஆனால் தெருவோரத்தில் பை தனியாக எரிவதில்லை. குளோரின் உள்ள பிவிசி பிளாஸ்டிக் துண்டுகளும் உப்புள்ள உணவு மிச்சமும் கலந்த குவியலோடு, குறைந்த வெப்பத்தில் புகைந்துகொண்டே எரிகிறது. டையாக்சின் உண்டாவதற்கு வேண்டியவை எல்லாம் அதில் இருக்கின்றன. 2022 ஏப்ரல் இறுதியில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு நாட்கணக்கில் எரிந்தபோது சுற்றுப்புற மக்கள் சுவாசித்தது அத்தகைய கலவையான புகையைத்தான்.

எரியாமல் மண்ணில் கிடக்கும் பை என்ன ஆகிறது? ஐந்நூறு ஆண்டு, ஆயிரம் ஆண்டு என்று சுவரொட்டிகளில் காணும் எண்களை நான் பயன்படுத்துவதில்லை. பாலித்தீனே உலகுக்கு அறிமுகமாகி ஒரு நூற்றாண்டு ஆகவில்லை, அவ்வளவு நீண்ட காலத்தை யாரும் அளந்து பார்த்தது கிடையாது. உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான்: வெயில் பட்டால் அது விரைவில் நொறுங்கித் துகளாகிறது, புதைந்தால் மிக மெதுவாக மாறுகிறது, துகளானது மறைந்ததாகாது. அந்த நுண்துகள்கள் மண்ணிலும் நீரிலும் உணவிலும் இருப்பது ஐயத்துக்கு இடமில்லாதது. அவற்றால் மனித உடலுக்கு எந்த அளவில் என்ன தீங்கு என்பது இன்னும் ஆய்விலிருக்கும் செய்தி. உறுதியான தீர்ப்பை முன்கூட்டிச் சொல்வது சரியாகாது.

கடலைப் பொறுத்தவரை, ஆமைகள் பையை உண்கின்றன என்பது நிறுவப்பட்டது; இறந்த தோல்முதுகு ஆமைகளின் (leatherback) உடற்கூறாய்வுப் பதிவுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்டவற்றின் குடலில் பிளாஸ்டிக் இருந்ததைக் காட்டியது. ஆனால் பைகளே ஆமைகளின் முதல் எதிரி என்று சொல்ல முடியாது. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதற்குக் காரணம் இழுவலைகளில் சிக்கி மூச்சுத் திணறியது. பையை ஒழித்துவிட்டு இழுவலையைக் கண்டுகொள்ளாமல் விட்டால் ஆமைகள் பிழைக்கா.

இனி, தடை செய்தால் பை உண்மையிலேயே குறைகிறதா என்பது. இதற்கு இப்போது ஓரளவு நல்ல சான்றுகள் உள்ளன. அயர்லாந்து 2002 மார்ச்சில் தடை செய்யாமல் ஒரு பைக்கு 15 சென்ட் வரி விதித்தது. ஆளுக்கு ஆண்டுக்கு 328 என்று மதிப்பிடப்பட்ட பயன்பாடு 21 ஆக இறங்கியது. தெருக்குப்பையில் பைகளின் பங்கு 5 விழுக்காட்டிலிருந்து அரை விழுக்காட்டுக்கும் கீழே போனது. அமெரிக்கக் கடற்கரைகளிலும் ஆற்றங்கரைகளிலும் தன்னார்வலர்கள் நடத்திய நாற்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட துப்புரவுப் பணிகளின் பதிவுகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2025இல் சயன்ஸ் இதழில் வெளிவந்தது. பைகளுக்குத் தடையோ கட்டணமோ உள்ள இடங்களில், சேகரித்த குப்பையில் பைகளின் பங்கு மற்ற இடங்களோடு ஒப்பிடுகையில் 25 முதல் 47 விழுக்காடு வரை குறைந்திருந்தது. அதே ஆய்வு மூன்று செய்திகளைச் சேர்த்துச் சொல்கிறது: மெல்லிய பையை மட்டும் தடுத்துத் தடித்த பையை அனுமதிக்கும் அரைத் தடைகளின் பலன் மிகக் குறைவு, ஓர் ஊர் தனியாகச் செய்வதைவிட மாநிலம் முழுவதும் செய்வது அதிகப் பலன் தருகிறது, தடை உள்ள இடங்களில்கூடப் பைகள் அறவே ஒழியவில்லை, பெருகும் வேகம்தான் குறைந்தது.

நீங்கள் குறிப்பிட்ட கலிபோர்னியா அந்த அரைத் தடைக்கு நல்ல எடுத்துக்காட்டு. அம்மாநிலத்தின் 2014ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் மக்கள் வாக்கெடுப்புக்குப் பின் நடைமுறைக்கு வந்தது. மெல்லிய பை போயிற்று; ஆனால் பலமுறை பயன்படுத்தத்தக்கது என்ற பெயரில் தடித்த பாலித்தீன் பையை 10 சென்ட்டுக்கு விற்கச் சட்டம் இடம் கொடுத்தது. மக்கள் அதையும் ஒருமுறை பயன்படுத்தி எறிந்தார்கள். ஒவ்வொரு பையும் முந்தையதைவிடப் பன்மடங்கு கனம் என்பதால், 2014இல் சுமார் 1.57 லட்சம் டன்னாக இருந்த பைக் குப்பை சில ஆண்டுகளில் 2.31 லட்சம் டன்னாயிற்று. எனவே நீங்கள் படித்த செய்தி சரியே; ஆனால் அது காட்டுவது சட்டத்தில் விட்ட ஓட்டையின் விளைவை. 2024இல் அந்த ஓட்டையை அடைக்கும் புதிய சட்டம் நிறைவேறி, 2026 ஜனவரி முதல் தடித்த பைகளுக்கும் அங்கே இடமில்லை. இன்னொரு பக்கவிளைவையும் பொருளியல் அறிஞர் ரெபெக்கா டெய்லர் அங்கே அளந்தார்: கடையில் கிடைத்த பையைக் குப்பைத் தொட்டிக்கு உறையாகப் போட்டவர்கள் இப்போது அதற்கென்றே பை வாங்கத் தொடங்கியதால், தடையால் மிச்சமான பிளாஸ்டிக்கின் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு வேறு வழியில் திரும்பி வந்துவிட்டது. மீதி 70 விழுக்காடு உண்மையான குறைவு.

இந்தக் கண்ணாடியில் நம் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். இந்திய அரசின் விதிகள் கேரி பேக்கை முற்றிலும் தடை செய்யவில்லை. தடிமனை மட்டுமே உயர்த்தி வந்தன. 1999இல் 20 மைக்ரான், 2011இல் 40, 2016இல் 50, 2021 செப்டம்பரில் 75, 2022 டிசம்பர் இறுதியில் 120. தடித்த பைக்கு விலை அதிகம், எனவே கடைக்காரர் இலவசமாகக் கொடுக்க மாட்டார்; கனம் இருப்பதால் சேகரிப்பவரும் பொறுக்குவார் என்பது இதன் பின்னுள்ள எண்ணம். அதில் பொருள் உண்டு. ஆனால் அந்தப் பையும் இலவசமாகக் கைமாறினால், 50 மைக்ரான் பையைவிட இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட பிளாஸ்டிக் ஒவ்வொரு முறையும் வெளியே போகும். மைக்ரான் அளவைச் சோதிப்பதும் எளிதன்று. சந்தையில் நிற்கும் துப்புரவு ஆய்வாளர் கையால் தடவி 75க்கும் 120க்கும் வேறுபாடு சொல்ல முடியாது.

தமிழ்நாட்டின் ஆணை இந்த விதத்தில் மேலானது. 2018 ஜூனில் அறிவித்து 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இது, தடிமன் எதுவாயினும் கேரி பேக் கூடாது என்கிறது. பதினான்கு வகைப் பொருள்களில் நெய்யாத துணிப்பையும் அடக்கம். பார்ப்பதற்குத் துணி போலிருந்தாலும் அது பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழைதான். நல்ல பருத்தி என்று நம்பிப் பலர் வாங்கிவிடுகிறார்கள். ஆணையின் எழுத்தில் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. நடைமுறையில் முதல் சில மாதங்கள் கடைகளில் தெரிந்த மாற்றம் பிறகு தளர்ந்ததை நீங்களே கண்டிருப்பீர்கள். பெரிய கடைகளில் பைக்குக் காசு கேட்கும் வழக்கம் நிலைத்துவிட்டது. பூக்கடையிலும் மீன் சந்தையிலும் தள்ளுவண்டியிலும் மெல்லிய கவர் திரும்பிவிட்டது. அண்டை மாநிலங்களில் உற்பத்தி நிற்காதவரை லாரியில் வரும் சரக்கைத் தள்ளுவண்டிக்காரரிடம் அபராதம் வாங்கி நிறுத்த முடியாது. நீலகிரி இதற்கு மாறாக ஓரளவு வெற்றி பெற்றதற்கு ஒரு காரணம் அதன் நில அமைப்பு. மலைக்கு ஏறும் சாலைகள் சில மட்டுமே, அவற்றில் சோதனைச் சாவடி வைக்கலாம். சமவெளி மாவட்டங்களுக்கு அந்த வசதி இல்லை. வங்கதேசத்தின் தடையும் இப்படித்தான் நீர்த்துப்போய், 2024இல் மீண்டும் புதிதாக அறிவிக்க வேண்டியதாயிற்று.

மக்கும் பை என்று விற்கப்படுவதை மாற்றாக ஏற்கலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பலவகைப் பைகளை மண்ணிலும் கடலிலும் திறந்த வெளியிலும் மூன்றாண்டு வைத்துப் பார்த்தார்கள். மக்கும் என்று பெயரிட்ட ஒரு வகைப் பை மூன்றாண்டு மண்ணிலும் கடல்நீரிலும் கிடந்த பிறகும் கடைச் சாமானைத் தாங்கும் வலுவோடு இருந்தது. உரமாகக்கூடியது என்ற மற்றொரு வகை கடல்நீரில் மூன்று மாதத்துக்குள் மறைந்தது, மண்ணிலோ 27 மாதங்களுக்குப் பிறகும் கிடந்தது. அவ்வகைப் பைகள் பெரும்பாலும் உரத் தொழிற்கூடத்தின் உயர்ந்த வெப்பத்தில் மக்கும்படி செய்யப்பட்டவை. வடிகாலில் அந்த வெப்பம் கிடையாது. அதனால் இப்போதைக்கு அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. காகிதப் பை ஈரமான பொருளுக்கு ஆகாது, ஒரே பயன்பாட்டில் கிழிந்தும் விடும்; ஆனால் வடிகாலில் விழுந்தால் ஊறிப் போய்விடும் என்பதால், பழைய செய்தித்தாளில் பொட்டலம் மடித்த மளிகைக் கடை முறைக்கு உலர்ந்த பொருள்களைப் பொறுத்தவரை இன்றும் என் ஆதரவு உண்டு. எண்ணெய்ப் பலகாரத்தை மட்டும் அச்சு மையுள்ள தாளில் கட்டக் கூடாது.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் விடை: தமிழ்நாட்டில் இந்தத் தடை தேவையானது, அதன் பலன் தெருவிலும் வடிகாலிலும் கால்நடையிலும் தெரிய வேண்டியது, பருவநிலைக் கணக்கில் தேட வேண்டியதன்று. எந்த அளவுக்குத் தெரிந்திருக்கிறது என்பதை நான் என் பணி அனுபவத்திலிருந்து மட்டுமே சொல்ல முடிகிறது; 2018க்கு முன்னும் பின்னும் ஒரே வடிகால்களில் ஒரே முறையில் பைகளை எண்ணி ஒப்பிட்டிருந்தால் இந்தப் பதில் இன்னும் உறுதியாக இருந்திருக்கும். எடைபோடும்போது கேரி பேக்கும் பிற பிளாஸ்டிக்கும் ஒரே குவியலாகப் போவதால் நம் குப்பைக் கணக்குகளிலிருந்து இதைப் பிரித்தெடுப்பது கடினம். ஏதாவது கல்லூரியில் சுற்றுச்சூழல் பொறியியல் படிப்பவர்கள் இதைப் படித்தால், தங்கள் ஊரில் ஐந்தாறு வடிகால் வாய்களைத் தேர்ந்தெடுத்து மாதம் ஒருமுறை பைகளை எண்ணிக்கையாகப் பதிவு செய்யத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எடை தேவையில்லை, எண்ணிக்கையே போதும்.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் கவர்களை என்ன செய்வது என்பதற்கும் ஒரு சொல். அவற்றை உடனே எறிந்துவிட்டுத் துணிப்பை வாங்காதீர்கள். கிழியும் வரை அவற்றையே கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். கழுவி உலர்த்தியவற்றைச் சேர்த்துவைத்து மக்காத குப்பையாகத் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள், சுத்தமாகவும் மொத்தமாகவும் இருந்தால் அதை அவரால் விற்க முடியும். உணவு மிச்சத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் பையில் முடிந்து போடாதீர்கள். மீனுக்கும் மாவுக்கும் மூடியுள்ள பாத்திரம் ஒன்றைத் தனியாக ஒதுக்கிவிட்டால், துணிப்பையால் ஈடுசெய்ய முடியாத அந்த ஒரு தேவையும் தீர்ந்துவிடும். பெரும்பாலான வீடுகளில் கவர் திரும்ப நுழைவது அந்த வழியாகத்தான்.